அறுவை அறையின் அமானிதம்

அரபு மொழியில் தூய்மையைக் குறிக்கும் சொற்கள் பல உள. அவற்றுள் மூன்றை ஈண்டு எடுத்துக்கொள்வோம். கண்ணுக்குத் தெரியும் அழுக்கு நீங்கிய நிலை ‘நளாஃபத்’ எனப்படும். பெருக்கித் தெளித்த வாசலும், வெளுத்து உலர்த்திய துணியும் இவ்வகையின. இறைவணக்கத்திற்கு ஒருவரைத் தகுதியாக்கும் தூய்மை ‘தஹாரத்’ எனப்படும். மார்க்கச் சட்ட நூல்கள் தஹாரத்தின் பாடத்தோடுதான் தொடங்குகின்றன என்பதை மதரஸாவில் முதலாண்டு ஓதும் மாணவனும் அறிவான். மூன்றாவது சொல் ‘தஃகீம்’. ஒரு பொருளிலிருந்து நுண்ணுயிர்களை அறவே ஒழித்தலுக்கு இக்கால அரபு மருத்துவர்கள் வழங்கும் பெயர் இது.

தஃகீம் என்பதன் வேரிலிருந்து வந்த சொல்லே ‘அகீம்’. மலடு என்பது அதன் பொருள். திருமறையின் 51ஆம் அத்தியாயத்தில் அச்சொல் இருமுறை வருகிறது. முதுமையில் மகப்பேற்றின் நற்செய்தி கேட்டு வியந்த இப்ராஹீம் நபி (அலை) அவர்களின் துணைவியார் தம்மைக் குறித்துச் சொல்லுமிடம் ஒன்று. ஆது கூட்டத்தாரை அழித்த, நன்மை ஏதும் சுமக்காத காற்றைக் குறிக்குமிடம் மற்றொன்று. குடும்ப வழக்கில் ஒரு பெண்ணின் நெஞ்சைப் புண்படுத்தும் அதே சொல், அறுவை அறைக்குள் நுழைந்ததும் எல்லாரும் வேண்டி நிற்கும் சொல்லாகிவிடுகிறது. எவ்வுயிரும் முளைக்காத துணி, எவ்வுயிரும் தங்காத கத்தி, இவை இருந்தால்தான் அங்கே ஓர் உயிரைக் காக்க முடியும்.

மதரஸா ஆசிரியராகிய நமக்கும் அறுவை அறைக்கும் என்ன தொடர்பு என வாசகர்கள் வினவலாம். காரணத்தைச் சுருங்கச் சொல்வோம். நம் உடன்பிறந்த தங்கை பொள்ளாச்சிப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். தம் மார்பகத்தில் ஒரு கட்டி இருப்பதை ஏழு மாத காலம் எவரிடமும் சொல்லாதிருந்தார். சொல்லியபோதும் தம் மகளிடம்தான் சொன்னார். மகள் தாயைக் கோவைக்கு அழைத்து வந்தாள். மார்பகத்தைப் படமெடுத்தார்கள், ஊசி செலுத்திச் சிறு திசுத் துணுக்குகளை எடுத்துச் சோதித்தார்கள். படம் ஐயுறத்தக்கதாக இருந்தது. துணுக்குகளிலோ குறை ஏதும் தென்படவில்லை. இவ்வாறு படமும் சோதனையும் ஒன்றுக்கொன்று ஒவ்வாதபோது ஐயத்தை அப்படியே விட்டுவிடுதல் மருத்துவ முறையன்று. ஆகவே, கட்டியை முழுமையாக அறுத்தெடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார் மருத்துவர்.

தங்கை நோயைக் காட்டிலும் அந்த அறைக்கே அதிகம் அஞ்சினார். “அண்ணே, அந்த அறையில் என்னை என்ன செய்வார்கள் என்று தெரிந்தால்தான் நான் கையெழுத்திடுவேன்” என்றார். நியாயமான கேள்வி. விடை சொல்லும் அறிவு நமக்கு இருக்கவில்லை. ஆனால், சிறுவயதில் நம்மிடம் குர்ஆன் ஓதிய பெண்ணொருத்தி கோவை நகரின் மருத்துவமனை ஒன்றில் அறுவை அரங்கச் செவிலியாகப் பணிபுரிகிறாள். அவளை வீட்டிற்கு அழைத்தோம். மாலைத் தொழுகைக்குப் பின் தொடங்கிய அவள் விளக்கம் இரவு உணவு வரை நீண்டது. அன்று அவள் சொல்லக் கேட்டதையும், பின்னர் நாம் படித்தும் விசாரித்தும் தெளிந்ததையும் இங்கே தொகுத்துத் தருகின்றோம். நம் இல்லங்களில் இதே கேள்வியை வாய்விட்டுக் கேட்க இயலாத பெண்கள் பலர் உளர்.

முதலில் ஓர் அடிப்படை. மார்பகத்தில் தோன்றும் கட்டிகளுள் பெரும்பாலானவை புற்று அல்ல. எது புற்று, எது அன்று என்பதைத் திசுவை எடுத்து நுண்ணோக்கியில் கண்டே உறுதி செய்ய இயலும். அதற்கே ‘பயாப்ஸி’ என்று பெயர். இன்று பெரும்பாலோர்க்கு ஊசிவழிச் சோதனையே போதுமானது. அவ்விடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, ஸ்கேன் பார்த்துக்கொண்டே எடுத்துவிடுகிறார்கள். சிலருக்கே அறுவை அறை தேவைப்படுகிறது. ‘ஊசி குத்தினால் பரவும், கத்தி பட்டால் பெருகும்’ என்னும் பேச்சு கொங்கு நாட்டுக் கிராமங்களில் இன்றும் உலவுகிறது. சோதனை செய்துகொண்டதால் நோயாளியின் நிலை கெட்டது என்பதற்கு மருத்துவச் சான்று இல்லை. சோதனையைத் தள்ளிப்போட்டதால் கெட்டவர்களையோ ஒவ்வோர் ஊரிலும் காணலாம்.

அறுவை அறையின் ஆயத்தம் துணியிலிருந்து தொடங்குகிறது. துணியைப் பற்றிக் கோவை மண்ணில் வாழ்வோர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. 1888இல் ஸ்டேன்ஸ் ஆலை எழுந்த காலந்தொட்டு நூலும் தறியும் இவ்வட்டாரத்தின் உயிர்நாடி. ஆயினும், நெய்தவர் கையிலிருந்து வந்த துணி எத்துணை வெண்மையாயினும் அறுவைக்கு அது தூய்மையான துணியாகாது. தென்மாவட்டத்தில் இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யப்படும் கட்டுத்துணியும் அவ்வாறே. துவைப்பதால் கிடைப்பது நளாஃபத். தஃகீம் அடைய நீராவி வேண்டும்.

விரிப்புகள், மேலங்கிகள், கருவிகள் ஆகியவற்றைக் கழுவி உலர்த்தி, இரட்டை உறையிட்டுக் கட்டி, ‘ஆட்டோகிளேவ்’ எனும் நீராவிக் கலத்தில் அடுக்குகிறார்கள். 1879இல் பாஸ்டரின் உடனுழைப்பாளர் சேம்பர்லாண்ட் உருவாக்கிய கருவி அது. வெறும் கொதிநீர் 100 டிகிரி வெப்பத்தைத் தாண்டாது. சில நுண்ணுயிர்கள் கடினமான ஓட்டுக்குள் வித்தாக ஒடுங்கி அவ்வெப்பத்தையும் தாங்கிவிடும். கலத்தினுள் நீராவியை அழுத்தும்போது வெப்பம் 121 டிகிரிக்கு உயர்கிறது. உறையிட்ட கட்டுகளை அவ்வெப்பத்தில் ஏறத்தாழ 30 நிமிடம் வைக்கிறார்கள். உள்ளிருக்கும் காற்றை முன்னரே உறிஞ்சிவிடும் புதுவகைக் கலங்களில் 134 டிகிரியில் சில நிமிடங்களே போதும்.

உள்ளே வைத்தாயிற்று என்பதனால் கிருமி நீங்கிற்று என எவரும் நம்பிவிடுவதில்லை. கட்டின் மேல் ஒட்டிய நாடாவில் வெப்பம் பட்டதும் கருங்கோடுகள் தோன்றும். கட்டின் நடுவே வைத்த சிறு அட்டையும் நிறம் மாற வேண்டும். இவையன்றி, வெப்பத்தைத் தாங்குவதில் வல்ல ஒருவகை நுண்ணுயிரின் வித்துகளைக் குப்பியிலிட்டுக் கலத்தினுள் வைத்தெடுத்து, பின்பு அவை முளைக்கின்றனவா எனப் பார்க்கிறார்கள். முளைத்தால், வேலை முடிந்திலது. அவை மலடாகிப் போயிருத்தலே வெற்றி.

இங்கே நம் கோவை நகருக்குரிய ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். பருத்தித்துணி நனைந்தால் ஈரத்தை இழுக்கும். அவ்வீரத்தின் வழியே கீழிருக்கும் கிருமி மேலேறும். ஆகவே, குருதியும் நீரும் புகாத மருத்துவத் துணிகள் வழக்குக்கு வந்தன. அத்தகைய துணியைச் சோதித்துச் சான்றளிக்கும் நிலையங்களுள் ஒன்று 1956இல் கோவையில் நிறுவப்பட்ட தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமாகிய ‘சிட்ரா’. 2020இல் கொரோனா பரவிய தொடக்க நாட்களில் மருத்துவர்க்கும் செவிலியர்க்குமான பாதுகாப்பு அங்கிகளின் துணி இங்கேதான் செயற்கைக் குருதியைப் பாய்ச்சிச் சோதிக்கப்பட்டது. பனியன் தைத்த திருப்பூர்க் கைகள் அவ்வாண்டில் பாதுகாப்பு அங்கியும் தைத்தன. அறுவை அறை நமக்கு அயலான இடமன்று. நம் அண்டை வீட்டார் உழைப்பும் அதனுள் இருக்கிறது.

அறுவை நடக்கும் நாளன்று காலையில் தரை, விளக்கு, மேசை யாவும் கிருமிநாசினியால் துடைக்கப்படுகின்றன. வடிகட்டிய காற்று மேலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கிறது. மணிக்கு இருபது முறைக்குக் குறையாமல் அறையின் காற்று மாறுகிறது. உள்ளழுத்தம் சற்று மிகுதியாக வைக்கப்படுவதால், கதவு திறந்தாலும் உள்ளிருக்கும் காற்று வெளியே செல்லுமேயன்றி வெளிக்காற்று உள்ளே புகாது. ஆதலின், காரணமின்றிக் கதவைத் திறப்பதும், வேலையற்றோர் உள்ளே நிற்பதும் அங்கே குற்றம்.

பிறகு கட்டுகளைப் பிரிக்கிறார்கள். அதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் நாடாவின் கோடுகளைப் பார்க்க வேண்டும். கட்டு ஈரமாயிருந்தாலோ, கிழிந்திருந்தாலோ, தரையில் விழுந்திருந்தாலோ அதைத் திருப்பியனுப்ப வேண்டும். உறையின் நான்கு மடிப்புகளுள் தமக்கு எதிர்ப்புறத்து மடிப்பை முதலில் விரித்து, பக்கங்கள் இரண்டையும் அடுத்து விரித்து, தம்பக்கத்து மடிப்பை இறுதியில் விரிக்க வேண்டும். கை எங்கும் குறுக்கே நீளலாகாது. விரித்த துணியின் ஓரத்தில் ஓரங்குல அகலம் தூய்மையற்றதாகவே கொள்ளப்படும். மேசையின் மேற்பரப்பு மட்டுமே தூயது. விளிம்புக்குக் கீழே தொங்குவது தூயதன்று.

மார்பகத் திசுச் சோதனைக்குரிய கருவிகள் மிகப் பல அல்ல. சிறு அலகு பொருத்திய கத்தி, திசுவை நோகாமல் பற்றும் ஆலிஸ் இடுக்கி, குருதிக் குழாயைக் கவ்வும் சிறு கவ்விகள், நுண்ணிய கத்தரி, காயத்தின் விளிம்பை விலக்கிப் பிடிக்கும் கொக்கிகள், ஊசி பிடிக்கும் கருவி, தையல் நூல், குருதிக் கசிவைச் சுட்டு நிறுத்தும் மின்கருவி, இவ்வளவே. மரத்துப்போகும் மருந்தை ஊசிக்குழலில் ஏற்றியவுடன் அதன்மேல் பெயர் எழுதி ஒட்டிவிட வேண்டும். நிறமற்ற மருந்துகள் யாவும் கண்ணுக்குத் தண்ணீர் போன்றவையே. துடைக்கும் துணித்துண்டுகளை இருவர் சேர்ந்து வாய்விட்டு எண்ணி எழுதிவைக்கிறார்கள். காயத்தை மூடுமுன் ஒருமுறையும், மூடியபின் ஒருமுறையும் மீண்டும் எண்ணுகிறார்கள். கணக்குக் குறைந்தால் தேடிக் கண்டுபிடிக்கும் வரை ஓயமாட்டார்கள். தவறவிட்ட துண்டு எக்ஸ்-ரே படத்தில் தெரியும்படி அதனுள் ஓர் இழையையும் சேர்த்தே நெய்திருக்கிறார்கள்.

இனி, கை கழுவுதல். செவிலி இதை விளக்கியபோது நம் தங்கை முகத்தில் முதன்முறையாகச் சிறு புன்னகை தோன்றிற்று. மோதிரத்தைக் கழற்றுகிறார்கள். நகச்சாயம் கூடாது. விரல் நுனியிலிருந்து தொடங்கி, விரலிடுக்குகளைத் தேய்த்து, முழங்கை வரை கழுவுகிறார்கள். கையை உயர்த்திப் பிடிப்பதால் நீர் விரலிலிருந்து முழங்கை நோக்கி ஓடுகிறது. கழுவிய விரலுக்கு அந்நீர் திரும்பி வருவதில்லை. “மாமி, நீங்கள் ஐந்து வேளையும் செய்வதுதான், நாங்கள் சற்று நீண்ட நேரம் செய்கிறோம்” என்றாள் அவள்.

இவ்வொற்றுமையைக் காணும்போது நம்மில் சிலர்க்கு ஓர் ஆசை எழும். ‘பார்த்தீர்களா, அறிவியல் இன்று சொல்வதை மார்க்கம் அன்றே சொல்லிவிட்டது’ என்று மேடையில் முழங்கிவிடுவர். அவ்வாறு முழங்குதல் இரண்டுக்கும் நன்மை செய்யாது என்பது நம் கருத்து. ஒளு என்பது வணக்கம். நீர் கிட்டாதவன் மண்ணில் தயம்மும் செய்து தொழுகிறான். அவன் தஹாரத்து உடையவனே. அக்கையோடு அவன் அறுவை மேசையைத் தொடலாகாது. அறுவைக்கு ஆயத்தமான மருத்துவரின் கை எத்துணை மாசற்றதாயினும், ஒளுவின் ஏனைய கடமைகள் நிறைவேறாதவரை அவர் தொழுகைக்கு ஆயத்தமானவராகார். இரண்டு தூய்மைகளுக்கும் சட்டம் வேறு, நோக்கம் வேறு. இரண்டையும் ஒன்றெனக் குழப்புகிறவன் இரண்டிலும் பிழைபடுவான்.

ஆயினும், இரண்டுக்கும் பொதுவான ஒன்று உண்டு. அதுவே இக்கட்டுரையில் நாம் சொல்ல வந்த செய்தி. ஒளு முறிந்தால் அதை அறிபவர் யார்? அவரும் அவரைப் படைத்தவனும் மட்டுமே. இமாமாக முன்னின்று தொழவைப்பவர்க்கு நடுவில் ஒளு முறிந்துவிட்டால், பின்னிருக்கும் நூறு பேரும் அதை அறியார். அவர் நாணி நின்றுவிடலாகாது. விலகி, பின்வரிசையிலிருந்து தகுதியான ஒருவரை முன்னிறுத்த வேண்டும். ‘இஸ்திக்லாஃப்’ என்னும் பெயரால் ஃபிக்ஹு நூல்கள் இதை விரிவாகப் பேசுகின்றன. தொழுகை தனக்குரியதன்று, தன்னிடம் ஒப்படைக்கப்பட்டது என்று அறிந்தவரே அவ்வாறு விலகுவார்.

அறுவை அறையிலும் இதே நிலை. கையுறை அணிந்த விரல் நுனி மேசையின் விளிம்புக்குக் கீழே ஒரு நொடி பட்டுவிடுகிறது. எவரும் பார்க்கவில்லை. கையுறையில் கறை இல்லை. நோயாளி மயக்கத்தில் கிடக்கிறாள். பட்டவர் தாமே வாய்திறந்து சொல்லிக் கையுறையை மாற்ற வேண்டும்; ஐயமிருந்தாலும் மாற்ற வேண்டும். தலைமை மருத்துவரின் முழங்கை விரிப்புக்கு அப்பால் பட்டதைப் பயிற்சிச் செவிலி கண்டால் அவளும் சொல்ல வேண்டும். அவர் மறுசொல்லின்றி மாற்றிக்கொள்ள வேண்டும். “ஹஜ்ரத், எங்கள் அறையில் ‘பரவாயில்லை’ என்னும் சொல்லை நாங்கள் வழங்குவதில்லை” என்றாள் நம் மாணவி. அமானிதம் என்னும் சொல்லை அவளுக்கு நாம்தான் கற்பித்தோம். அதன் பொருளின் ஒரு பகுதியை அன்று அவளிடமிருந்து கேட்டறிந்தோம்.

வரலாற்றிலும் இவ்வொழுக்கம் எளிதில் வரவில்லை. 1847இல் வியன்னா நகரத்துப் பிரசவ மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர், பிணவறையிலிருந்து வரும் மாணவர்கள் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவிய பின்னரே தாய்மாரைத் தொடவேண்டும் என்று விதித்தார். தாய்மாரின் இறப்பு பன்மடங்கு குறைந்தது. எனினும், தம் கையே மரணத்தைச் சுமந்து சென்றது என ஒப்புக்கொள்ள அக்கால மருத்துவர் பலர்க்கு மனமில்லை. 1867இல் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தின் பயனை எடுத்தெழுதிய பின்னரே உலகம் மெல்ல இணங்கிற்று. நம் காலத்தில் 2008இல் உலக சுகாதார நிறுவனம் 19 வினாக்கள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. நோயாளியின் பெயர் என்ன, எந்தப் பக்கம், என்ன அறுவை என்பனவற்றைக் கத்தி எடுக்குமுன் அனைவரும் நின்று உரக்கச் சொல்லும் முறை அது. புது டெல்லி உள்ளிட்ட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அதைச் செயல்படுத்திப் பார்த்து, முடிவை 2009இல் வெளியிட்டனர். அறுவைக்குப் பிந்திய இறப்பு நூற்றுக்கு 1.5 என்பதிலிருந்து 0.8ஆகக் குறைந்திருந்தது. புது மருந்து ஒன்றுமில்லை. தெரிந்ததை வாய்விட்டுச் சொன்னார்கள், அவ்வளவே.

நம் பெண்களின் நெஞ்சில் நிற்கும் பெரிய கேள்வி ‘ஹயா’ எனும் நாணத்தைப் பற்றியது. அந்நியர் முன் உடலைத் திறப்பதா? மார்க்கம் இதற்குத் தெளிவான வழி காட்டியுள்ளது. சிகிச்சையின் நிர்ப்பந்தம் தடையை நீக்குகிறது. நீங்கிய தடையும் தேவையின் அளவோடுதான் நீங்குகிறது. பெண் மருத்துவர் கிடைத்தால் அவரை நாடுக. கிடைக்காவிடில், மற்றொரு பெண் உடனிருக்க ஆண் மருத்துவர் சிகிச்சை செய்தல் ஆகும். நாணத்தின் பெயரால் உயிரை இடரில் தள்ளுதலை எந்த இமாமும் கடமையாக்கவில்லை.

அறுவை அறையின் விதி இவ்விடத்தில் மார்க்க விதியோடு தானே வந்து பொருந்துவதைக் கண்டு வியந்தோம். கழுத்தெலும்பின் மேலிருந்து மார்பின் கீழ்வரை மருந்து தடவி முடித்ததும், நோயாளியின் உடல் முழுவதையும் விரிப்புகளால் மூடிவிடுகிறார்கள். அறுவை செய்யும் இடத்தில் மட்டும் ஒரு திறப்பு இருக்கும். கையகலத்திற்கு மேல் அது பெரும்பாலும் இராது. கிருமியைத் தடுக்க வகுத்த அத்துணி மானத்தையும் காக்கிறது. நம் வீடுகளில் அஞ்சிப் பேசப்படும் அளவு அங்கே ஒரு பெண் திறந்து கிடப்பதில்லை.

மருந்து தடவுவதிலும் முறை உண்டு. அறுக்கும் இடத்தில் தொடங்கி வட்டமாக வெளிநோக்கிச் செல்ல வேண்டும். வெளியே சென்ற பஞ்சு மீண்டும் நடுவுக்கு வரலாகாது. அக்குளை இறுதியில் துடைக்க வேண்டும். கட்டியின்மேல் அழுத்தித் தேய்க்காமல் மென்மையாகத் தடவ வேண்டும். எரிசாராயம் கலந்த மருந்தாயின் அது முற்றும் உலரும்வரை காத்திருக்க வேண்டும். இல்லையேல் மின்கருவியின் பொறி பட்டுத் தீப்பற்றும். ‘சாராயம் பட்ட உடம்போடு தொழலாமா?’ என்று தங்கை கேட்டார். திராட்சையிலிருந்தும் பேரீச்சையிலிருந்தும் வடிக்கப்படாத சாராயத்தை நஜீஸ் எனக் கொள்ள வேண்டியதில்லை என்பது ஹனஃபி வழி நிற்கும் இக்கால அறிஞர் பலரின் முடிவு. காயத்தின் மேலுள்ள கட்டை அவிழ்க்காமல் அதன்மேல் ஈரக்கையால் தடவி ஒளுவை நிறைவு செய்யலாம். இவ்விரண்டையும் சொன்னோம். அவர் கையெழுத்திட்டார்.

அறுத்தெடுத்த திசுவுக்கும் ஓர் ஆயத்தம் உண்டு. அதைப் பொதுமக்கள் அறியார். எடுத்த துண்டின் மேற்புறத்தில் குறு நூலும், வெளிப்பக்கத்தில் நெடு நூலும் கட்டிவிடுகிறார் மருத்துவர். புற்று எந்த விளிம்புவரை சென்றுள்ளது எனச் சோதனைச்சாலை அறிவதற்கு அதுவே திசைகாட்டி. துண்டைப் போல் பத்து மடங்கு ஃபார்மலின் நிறைந்த வாயகன்ற புட்டியில் அதை ஒரு மணி நேரத்திற்குள் இட வேண்டும். ஃபார்மலின் நஞ்சு, ஆதலின் அப்புட்டி கருவி மேசைக்கு அருகிலும் வரலாகாது. பெயரும் எண்ணும் பக்கமும் எழுதிய சீட்டை மூடியின் மேலன்றிப் புட்டியின் உடலில் ஒட்ட வேண்டும், மூடிகள் மாறிப்போகும். நோயாளி இனி அவ்வறையில் இல்லை. சீட்டுத்தான் அவளுக்காகப் பேசுகிறது.

தங்கையின் திசு புற்று என்றே முடிவு வந்தது. முதல் ஊசிச் சோதனையின் விடையோடு நாம் வீடு திரும்பியிருந்தால் இன்னும் எத்தனை மாதம் சென்றிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே அஞ்சுகிறோம். அல்லாஹ்வின் அருளால் நோய் பிற உறுப்புகளுக்குப் பரவியிருக்கவில்லை. மறு அறுவையும் பிற சிகிச்சைகளும் முடிந்து, இன்று அவர் நாள்தோறும் ஒரு மாத்திரை உட்கொண்டு வருகிறார். அந்தப் புற்று பெண்மைச் சுரப்பினால் வளரும் வகையினது என்று திசுச் சோதனை காட்டியதனாலேயே அம்மாத்திரை அவருக்கு உரியதாயிற்று. திசு தக்க நேரத்தில் ஃபார்மலினுக்குள் சென்றிராவிடில் அச்சோதனை பொய்த்துப் போயிருக்கக் கூடும். முகமறியாத ஒரு செவிலி கடிகாரத்தைப் பார்த்துச் செய்த வேலை அது. அவள் பெயரை நாம் அறியோம். அவளுக்காக துஆ செய்கிறோம்.

மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்த வள்ளுவர், நோயுற்றவன், தீர்க்கும் மருத்துவன், மருந்து ஆகிய மூன்றோடு, அருகிருந்து பணிபுரிவோனையும் ஒரு கூறாக வைத்தார். ‘மருந்து’ அதிகாரத்தை அக்கருத்தோடுதான் அவர் முடிக்கிறார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயின் நாட்டுக் குர்துபாவில் வாழ்ந்த அஸ்ஸஹ்ராவி, ‘தஸ்ரீஃப்’ என்னும் தம் பெருநூலின் இறுதிப் பகுதியில் ஏறத்தாழ இருநூறு அறுவைக் கருவிகளை வரைந்து காட்டினார். மார்பகப் புற்றைப் பற்றியும் எழுதினார். கட்டி சிறிதாக, தொடக்க நிலையில் இருந்தால் முழுவதுமாக அறுத்தெடுக்கலாம் என்றும், முற்றிப் பெருத்ததைத் தாம் குணப்படுத்தியதுமில்லை, பிறர் குணப்படுத்தக் கண்டதுமில்லை என்றும் அப்பேரறிஞர் ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டார். இன்று அன்றைக்கில்லாத மருந்துகள் பல வந்துவிட்டன. ஆயினும், விரைந்து வந்தவர்க்கே வழி அகலமாயிருக்கிறது என்னும் உண்மை மாறவில்லை.

2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் ஏறத்தாழ 1,92,000 பேருக்கு மார்பகப் புற்று புதிதாகக் கண்டறியப்பட்டதாக உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிட்டுள்ளது. தம் தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் அடையாறு புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கிய காலத்தில் நம் பெண்களுக்கு இருந்த வாய்ப்பு மிகக் குறைவு. இன்று முப்பது வயதைக் கடந்த பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை செய்வது அரசுத் திட்டத்திலேயே இடம்பெற்றுள்ளது. 2012 முதல் நடைமுறையிலுள்ள முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் துணை நிற்கிறது. வாயில்கள் திறந்திருக்கின்றன, நம் வீட்டு வாயில்தான் பல இடங்களில் மூடியிருக்கிறது.

அறுவை அறையில் தூய்மை காப்பது செவிலியின் கடமை. அந்த அறை வரை ஒரு பெண்ணைக் காலத்தோடு கொண்டு சேர்ப்பது அவள் குடும்பத்தின் கடமை. கணவன்மாரே, மகன்மாரே! உங்கள் இல்லத்துப் பெண்கள் தம் உடலில் கண்டதை அச்சமின்றிச் சொல்லும்படி நடந்துகொள்ளுங்கள். சொன்னபின் செலவையும் ஊர்ப்பேச்சையும் காரணங்காட்டி நாள் கடத்தாதீர்கள். தாய்மாரே, சகோதரிகளே! குளிக்கும்போது கையில் ஒரு கட்டி தட்டுப்பட்டால் அதை இரகசியமாக்காதீர்கள். உங்களை அல்லாமல் வேறு எவரும் முதலில் அறிய முடியாத செய்தி அது; உங்கள் உடலும் உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமே. அதைக் காக்கும் துணிவை எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.